ரவா இட்லி தந்த யக்ஞநாராயண மையா

அவர் கையில் பிடித்தது கரண்டி. அவர் பிழைக்க வந்தது சமையல் வேலைக்கு. ஆனால் அவர் நடத்திய ஓட்டலின் வாசலில் பெரிய மனிதர்களும் சாமானியர்களும் ஒன்றாகக் காத்து நின்றார்கள். ஒரு தோசைக்காக மணிக்கணக்கில் நின்றவர்களும் உண்டு!

அவர் பெயர் யக்ஞநாராயண மையா. அவர் பெயரை அறியாதவர்கள்கூட அவர் கடையின் 3 எழுத்துகளை அறிவார்கள். எம்.டி.ஆர். என்பதுதான் அது. மளிகைக் கடையில் மசாலாப் பொட்டலத்தின் மேல் அந்த எழுத்துகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த மையாவின் கதையைச் சொல்லுமுன், நம் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை.

பாம்பனைத் தாண்டி ராமேசுவரம் போகும் பாதையில் அக்காள்மடம் வரும். அதை அடுத்துத் தங்கச்சிமடம். இன்று தங்கச்சிமடம் என்றால் மீன்பிடிப் படகும், மல்லிகை நாற்றும் நினைவுக்கு வரும். ஆனால் ஊருக்குப் பெயர் வந்தது மடத்தினால். சேது யாத்திரைக்கு நடந்து வந்தவர்கள் தலை சாய்க்க ஏற்பட்ட மடங்கள் இவை. அக்காள், தங்கை இருவர் பெயரால் எழுந்தவை என்பது வழிவழியாக வரும் பேச்சு.

இந்தப் பாதை நெடுகச் சேதுபதி மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். வழிப்போக்கருக்குச் சோறு போடுவது புண்ணியம். காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது பாவம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இப்படித்தான் நினைத்தார்கள். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் கட்டுச் சோறு கட்டிக்கொண்டு போனார்கள். அல்லது சத்திரத்தைத் தேடினார்கள்.

பிறகு ரயில் வந்தது. பாம்பன் ரயில் பாலம் 1914ம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாதக் கணக்கில் நடந்து வந்த கூட்டம், ரயிலில் வந்து இறங்கியது. நாடெங்கும் இதே மாறுதல்தான். ரயில் போன ஊரில் எல்லாம் காப்பிக் கடை முளைத்தது. நம் பக்கத்தில் அதைக் "கிளப்புக் கடை" என்றார்கள். வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எப்படியோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது!

அப்படி ஒரு காப்பி கிளப்பில்தான் மையாவின் கதை தொடங்குகிறது.

உடுப்பிச் சமையல்

மேற்குக் கடற்கரையில், மங்களூருக்கு வடக்கே உடுப்பி இருக்கிறது. அங்குள்ள கிருஷ்ணன் கோவில் பெயர் பெற்றது. மத்வாசாரியார் காலத்திலிருந்து 8 மடங்கள் முறை வைத்து அங்கே பூசை நடத்துகின்றன. பூசையைப் போலவே அன்னதானமும் முக்கியம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே வேளையில் சமைக்கத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

அந்தச் சமையலுக்கு ஒரு தனி ருசி உண்டு. மடத்துச் சமையலில் வெங்காயம் கிடையாது. பூண்டும் கிடையாது. தேங்காய் தாராளமாக விழும். சாம்பாரில் துளி வெல்லம் சேரும். பூசணிக்காய், பலாக்காய், சேப்பங்கிழங்கு இலை எல்லாம் பதார்த்தமாகும். அதுவும் கடலோரம்தான், நம்முடையதும் கடலோரம்தான். நமக்கு மீன் குழம்பும், பதநீரும், கருப்பட்டியும் எப்படியோ, அவர்களுக்குத் தேங்காயும் பலாவும் அப்படி.

உடுப்பிக்குப் பக்கத்தில் சாலிக்கிராமம் என்று ஓர் ஊர். அங்கே குரு நரசிம்மர் கோவில் இருக்கிறது. அதற்கு அருகே உள்ள கிராமம் பாரம்பள்ளி. மையா குடும்பத்தின் சொந்த ஊர் இதுதான்.

ஊரில் கோவில் இருந்தது. தென்னை இருந்தது. வருமானம்தான் இல்லை. அந்த நாளில் தென் கன்னடத்து இளைஞர்கள் பலர் பம்பாய்க்கும், சென்னைக்கும், பெங்களூருக்கும் புறப்பட்டார்கள். கையில் இருந்த ஒரே முதல் சமையல் தெரியும் என்பதுதான். சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலை நிறுவிய கிருஷ்ணராவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்து, சமையல் அறையில் வேலை பார்த்து உயர்ந்தவரே.

3 சகோதரர்கள்

பரமேசுவர மையா, கணப்பய்யா மையா, யக்ஞநாராயண மையா. இந்த 3 சகோதரர்களும் பெங்களூருக்கு வந்தார்கள். பெரிய மனிதர்களின் வீடுகளில் சமையல் வேலைக்கு அமர்ந்தார்கள்.

அன்றைய பெங்களூர் இன்றைய பெங்களூர் அல்ல. மைசூர் மகாராஜாவின் சீமையில் அது ஒரு குளிர்ச்சியான ஊர். ஒரு பக்கம் பட்டாளக்காரர்கள் இருந்த தண்டுப் பகுதி. மறுபக்கம் பழைய பேட்டை. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், ஓய்வு பெற்றவர்கள் நிறைய இருந்தார்கள். அவர்களுக்குக் காலையில் நல்ல காப்பி வேண்டும். சிக்கமகளூர் மலைக் காப்பிக்கொட்டை பக்கத்திலேயே விளைந்தது.

வீட்டுச் சமையற்காரன் பாடு நமக்குத் தெரியும். எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் அது அந்த வீட்டுச் சமையல்தான். பெயர் வீட்டுக்காரர்களுக்குப் போகும். பரமேசுவர மையாவுக்கு வாய்த்த எஜமானர் நல்லவர். இந்தக் கைப்பக்குவம் ஒரு வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கலாமா என்று நினைத்தார். கடை வைக்கும்படி ஊக்கினார். உதவியும் செய்தார்.

1924ம் ஆண்டு. லால்பாக் கோட்டைச் சாலையில் ஒரு சிறு கடை திறக்கப்பட்டது. காப்பியும் இட்லியும்தான் அங்கே விசேஷம். கடையின் பெயர் "பிராமணர் காப்பி கிளப்".

இந்தப் பெயரைப் படித்ததும் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்க வேண்டியதுதான். அந்நாளில் ஓட்டல்களில் சாதி பார்த்து உட்கார வைத்தார்கள். ஒரு சாதியாருக்குக் கூடம், மற்றவர்களுக்குத் திண்ணை. சிலருக்கு உள்ளேயே இடம் இல்லை. யார் சமைத்தது என்று கேட்டுத்தான் சாப்பிட்டார்கள். அந்தப் பெயர்ப் பலகை அந்தக் கேள்விக்குப் பதில். இதைப் பற்றிப் பிறகு சொல்வோம்.

கடை ஓடியது. ஆனால் சில ஆண்டுகளில் பரமேசுவர மையா காலமானார். கடையின் பாரம் மற்ற சகோதரர்கள் மேல் விழுந்தது. நாளடைவில் கடையை முன்னின்று நடத்தும் பொறுப்பு யக்ஞநாராயண மையாவுக்கு வந்தது. ஊரார் அவரை அன்போடு யக்ஞப்பா என்று அழைத்தார்கள்.

அரிசி இல்லை!

1939ல் இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியது. முதல் 2 ஆண்டுகள் அது எங்கோ நடக்கும் சண்டையாக இருந்தது. 1942ல் அது நம் வீட்டுப் பானைக்குள் வந்துவிட்டது!

அந்த ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா முழுவதும் போயிற்று. பர்மாவிலிருந்துதான் தென்னாட்டுக்குக் கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. அது அடியோடு நின்றது. தனுஷ்கோடிக்கு அக்கரையில் இலங்கையிலும் இதே பாடு. எங்கும் ரேஷன் வந்தது. படி அரிசிக்கு ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். சோறு தின்று பழகியவர்களுக்குக் கோதுமையை அளந்து கொடுத்தார்கள். அதை எப்படிச் சமைப்பது என்று பல வீடுகளில் தெரியவில்லை. கஞ்சி காய்ச்சிப் பார்த்தார்கள். களி கிண்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டன.

வீட்டிலேயே இந்த நிலை என்றால் இட்லிக் கடைக்காரர் கதி என்ன? இட்லிக்கு அரிசி வேண்டும். அரிசி இல்லாமல் இட்லி ஏது? பல கடைக்காரர்கள் கடையைப் பாதி மூடினார்கள். சிலர் கள்ள மார்க்கெட்டை நாடினார்கள்.

மையாவின் கடையில் வேறு ஒன்று நடந்தது. கோதுமை ரவையை எடுத்து இட்லித் தட்டில் வைத்துப் பார்த்தார்கள்.

சொல்ல எளிது. செய்வது எளிதல்ல. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு இரவு முழுவதும் புளிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த மாவில் வேலை செய்கின்றன. அவை உண்டாக்கும் காற்று மாவைப் பொங்க வைக்கிறது. உளுந்தின் பசை அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் இட்லி பஞ்சு போல் வருகிறது. வெறும் ரவையைத் தண்ணீரில் கரைத்து வேக வைத்தால் என்ன வரும்? கட்டிக் களிதான் வரும்.

ஆகவே புளிப்புக்குத் தயிரைச் சேர்த்தார்கள். பொங்குவதற்குச் சமையல் சோடாவைச் சேர்த்தார்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் கலந்தால் உடனே காற்றுக் குமிழி எழும். இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. ரவையை நெய்யில் வறுத்ததால் பசைத்தன்மை குறைந்து பொலபொலவென்று வந்தது. கடுகு, கடலைப் பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டினார்கள். முந்திரிப் பருப்பும் கொத்துமல்லியும் சேர்ந்தன.

ரவா இட்லி பிறந்தது!

எம்.டி.ஆர். குடும்பத்தார் இதைத் தங்கள் கடையில் பிறந்த பலகாரம் என்று சொல்லி வருகிறார்கள். பெங்களூரும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. யுத்தம் 1945ல் முடிந்தது. பிறகு அரிசியும் கிடைத்தது. பஞ்சத்துக்குச் செய்த பலகாரம் பஞ்சத்தோடு போயிருக்க வேண்டும். ஆனால் ரவா இட்லி போகவில்லை. உருளைக்கிழங்கு சாகு, பச்சைச் சட்னி, மேலே ஊற்ற நெய். இந்தச் சேர்க்கையோடு அது நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டு ஓட்டல் பட்டியலிலும் ஏறிவிட்டது.

வீட்டில் செய்ய விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. ரவை ஒரு பங்கு என்றால் தயிரும் ஏறக்குறைய ஒரு பங்கு. தயிர் புளித்ததாக இருக்க வேண்டும். வறுத்த ரவை நன்றாக ஆறிய பிறகே தயிரை ஊற்றுங்கள். ரவை ஊறும், மாவு இறுகும். அப்போது கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். சோடாவை மட்டும் கடைசியில், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது போடுங்கள். போட்ட உடனே தட்டில் ஊற்றி வேக வையுங்கள். தாமதித்தால் குமிழி எல்லாம் அடங்கிவிடும். இட்லி எழும்பாது.

ஓடுகிற கடை

யுத்தம் முடிந்தது. நாடு சுதந்திரம் அடைந்தது. மையாவின் கடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கூட்டம், மாலையில் கூட்டம். ஓடுகிற கடையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நம் கடைத்தெருக்களில் பார்க்கிறோமே! தாத்தா வைத்த அடுப்பு அதே இடத்தில்தான் இருக்கும். கரி பிடித்த சுவரைக் கேட்டால் அது கைராசி என்பார்கள்.

மையா அப்படி இருக்கவில்லை. 1951ல் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அங்கே ஓட்டல்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகவே போனார்!

இதை எண்ணிப் பாருங்கள். உடுப்பிப் பக்கத்துச் சமையற்காரர் ஒருவர். அவர் முன்னோர் காலத்தில் கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். அவர் சமைப்பது சுத்த சைவம். ஐரோப்பாவின் சாப்பாட்டில் அவர் வாயில் வைக்கக்கூடியது எவ்வளவு இருந்திருக்கும்? ரொட்டி, பால், பழம், காய்கறி. அவ்வளவுதான்.

அந்த ஐரோப்பாவும் அப்போது செழிப்பாக இல்லை. யுத்தம் முடிந்து 6 ஆண்டுகள் ஆகியும் இங்கிலாந்தில் ரேஷன் நடந்துகொண்டிருந்தது. இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை, தேயிலை எல்லாம் கூப்பனுக்குத்தான். அங்கே ரேஷன் அடியோடு ஒழிந்தது 1954ல்தான். நம் ஊரில் அரிசிக்கு நின்றதைப் போல அங்கே கறிக்கு நின்றார்கள்.

ஆனால் அந்த நெருக்கடியிலும் சாப்பாட்டுக் கடைத் தொழிலை அவர்கள் விளையாட்டாக நினைக்கவில்லை. லண்டனில் லயன்ஸ் என்ற தேநீர்க் கடைக் கம்பெனி இருந்தது. பரிமாறும் பெண்களுக்கு ஒரே மாதிரிச் சீருடை கொடுத்த கம்பெனி அது. 1951ல், தங்கள் ரொட்டிக் கிடங்குக் கணக்கைப் போட அந்தக் கம்பெனி சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரையே செய்து ஓட்டியது. வியாபாரக் கணக்குக்கு உலகில் முதன்முதலில் ஓடிய கம்ப்யூட்டர்களில் அது ஒன்று. தேநீரும் பன்னும் விற்கிற கடைக்குக் கம்ப்யூட்டர்! மையா போன ஆண்டில் லண்டன் அப்படி இருந்தது.

மையாவின் மனதை அங்கே பிடித்துக்கொண்டது பலகாரம் அல்ல. சுத்தமும் ஒழுங்கும்தான். மேசை துடைத்த மாதிரி இருந்தது. பாத்திரம் பளிச்சென்று இருந்தது. வேலைக்காரர்கள் துப்புரவாக உடுத்தியிருந்தார்கள். சாப்பிட வந்தவர்களும் இடத்தை அசுத்தம் செய்யவில்லை.

சுத்தம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அன்றைய சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் ஒரே அண்டாத் தண்ணீர்தான். அதில் எச்சில் டம்ளரை முக்கி எடுப்பார்கள். அடுத்தவருக்கு அதிலேயே காப்பி. மேசையைத் துடைத்த துணி தட்டையும் துடைக்கும். காலராவும், டைபாய்டு காய்ச்சலும், வயிற்றுக் கடுப்பும் இந்த வழியில்தான் வீடு வீடாகப் போயின. நம் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளை மண்டபம் கேம்ப்பில் நாட்கணக்கில் தடுத்து வைத்தது எதற்காக? காலராவும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்ற பயத்தினால்தான்.

மையா ஊர் திரும்பினார்.

கடை மாறியது

உடுப்பிச் சமையலில் அவர் கை வைக்கவில்லை. ஐரோப்பாவைப் பார்த்து வந்தவர் கட்லெட்டும் கேக்கும் போட ஆரம்பித்திருக்கலாம். அப்படிச் செய்தவர்கள் உண்டு. அவர் கடையில் அதே இட்லி, அதே தோசை, அதே சாம்பார்தான். மாறியது மற்றதெல்லாம்.

சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவியதோடு விடாமல், நீராவியில் காட்டிக் கிருமி நீக்கும் முறையைக் கொண்டு வந்தார். அந்நாளில் ஆஸ்பத்திரியில்தான் இப்படிச் செய்வார்கள். ஓட்டலில் செய்வது புதுமை. அதற்கு விறகுச் செலவு, ஆள் செலவு, நேரம் எல்லாம் ஆகும். காப்பி விலையில் அதைக் கட்டி எடுப்பது சுலபமா? ஆனாலும் செய்தார்.

கடையின் தோற்றத்தையும் மாற்றினார். வாடிக்கைக்காரர்களையும் அவர் விடவில்லை. எப்படிச் சாப்பிட வேண்டும், எது உடம்புக்கு நல்லது, பொது இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சிறு புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா? வேறு கடைக்காரர் செய்திருந்தால் வாடிக்கை போயிருக்கும். மையாவின் கடையில் கூட்டம் கூடியது.

இன்னொரு காரியமும் செய்தார். அவர் செய்ததிலேயே துணிச்சலானது அதுதான் என்பது நம் அபிப்பிராயம். சாப்பிட வருகிறவர்கள் சமையல் அறை வழியாக நடந்து, பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்படி வைத்தார்!

எந்த ஓட்டலிலும் சமையல் அறைக் கதவு சாத்தியே இருக்கும். "உள்ளே வராதே" என்று பலகை தொங்கும். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மையாவின் கடையில் மாவு அரைப்பதையும், நெய் காய்வதையும், அடுப்படியில் நிற்பவரின் வேட்டியையும் வாடிக்கைக்காரர் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு நாள் சுத்தம் செய்து காட்டினால் போதாது. கடை திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சுத்தமாக இருக்க வேண்டும். வேலைக்காரர்களை அதட்ட மேஸ்திரி தேவையில்லை. நூற்றுக்கணக்கான கண்கள் மேஸ்திரி வேலை பார்த்தன.

பெயர் மாறியது

1950ம் ஆண்டு இந்தியக் குடியரசின் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. கடை, ஓட்டல், சாப்பாட்டு விடுதி ஆகியவற்றில் சாதியையோ மதத்தையோ காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அதன் 15வது பிரிவு சொல்கிறது. சட்டம் வந்துவிட்டது. பெயர்ப் பலகைகள் உடனே மாறிவிடவில்லை. சென்னையில் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 1957ல் திராவிடர் கழகத்தார் பெரிய மறியல் நடத்தினார்கள். பலகையில் இருந்த பிராமணாள் என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மாதக் கணக்கில் நடந்தது. பலர் சிறை சென்றனர்.

பெங்களூரில் மையாவின் கடை 1960ல் லால்பாக் சாலையில் உள்ள இப்போதைய கட்டடத்துக்கு இடம் மாறியது. லால்பாக் என்பது ஹைதர் அலி போட்ட தோட்டம். அதன் பக்கத்துப் பேட்டைக்கு மாவள்ளி என்று பெயர். கடைக்கு அந்தப் பேட்டையின் பெயரை வைத்தார்கள். மாவள்ளி டிபன் ரூம்ஸ்! சாதியின் பெயர் இருந்த இடத்தில் ஊரின் பெயர் வந்தது. இது நல்ல மாறுதல். பெயர் நீளமாக இருந்ததால் ஜனங்கள் எம்.டி.ஆர். என்று சுருக்கிக்கொண்டார்கள்.

புதுக் கட்டடத்தில் கடை மேலும் பேர் பெற்றது. நெய் மணக்கும் மசால் தோசை. பிசிபேளா பாத். வெள்ளி டம்ளரில் காப்பி. வீட்டில் வெண்கல டம்ளரில் குடிப்பவரும் அங்கே போனால் வெள்ளி டம்ளரில் குடிக்கலாம். கடைக்குச் சொந்தக்காரர் சமையற்காரராக இருந்தால் இப்படி எல்லாம் தோன்றும் போலிருக்கிறது!

ஐரோப்பியப் பயணத்தின் ஒரே ஒரு பலகார நினைவு அந்தக் கடையில் உண்டு. மாவை மடித்துப் பொரித்து, மேலே சுண்டக் காய்ச்சிய பால் ஊற்றிய இனிப்பு அது. முதலில் பிரெஞ்சு இனிப்பு என்று பெயர் வைத்தார்களாம். யாரும் தொடவில்லை. அப்போது பேசப்பட்ட ஒரு சினிமாவின் பெயரை எடுத்துச் "சந்திரஹாரம்" என்று மாற்றினார்களாம். உடனே விற்றுத் தீர்ந்ததாம். கடையில் சொல்லப்படும் கதை இது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த இனிப்பைப் போடும் வழக்கம் பின்னாளிலும் தொடர்ந்தது.

1968ல் யக்ஞநாராயண மையா காலமானார். காப்பியும் இட்லியும் விற்கத் தொடங்கிய கடை அப்போது 44 வயதைத் தாண்டியிருந்தது.

நஷ்டக் கணக்குப் பலகை

அவருக்குப் பின் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஹரிச்சந்திர மையா கடையை நடத்தினார். அவருக்கு வந்தது பெரிய சோதனை.

1975ல் நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஓட்டல் பலகாரங்களை மலிவாக விற்க வேண்டும் என்று விலைக் கட்டுப்பாடு வந்தது. அந்த விலைக்கு விற்றால் சரக்கின் தரத்தைக் குறைக்க வேண்டும். நெய்க்குப் பதில் டால்டா. காப்பியில் சிக்கரி. அல்லது இட்லியைச் சின்னதாக்கலாம். பல கடைகள் இதைச் செய்து தப்பித்தன.

எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்கவில்லை. கட்டுப்பாட்டு விலைக்கே பழைய சரக்கை விற்றது. அன்றன்று எவ்வளவு நஷ்டம் என்று கணக்கெழுதிக் கடை வாசலில் பலகையில் போட்டது! லாபக் கணக்கை மறைக்கும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறோம். நஷ்டக் கணக்கை வாசலில் மாட்டிய வியாபாரியை எங்கே பார்த்தோம்? சமையல் அறையைத் திறந்து காட்டிய கடை, கணக்கையும் திறந்து காட்டியது.

ஆனால் நஷ்டத்தை எத்தனை நாள் தாங்க முடியும்? கடை மூடப்பட்டது.

வேலைக்காரர்கள் என்ன ஆவார்கள்? வீட்டுக்கு அனுப்பினால் ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள் சிதறிப் போகும். அவர்களை வைத்துக்கொண்டு மாவு, பொடி வகைகளைத் தயார் செய்து பொட்டலம் போட்டு விற்றார்கள். ரவா இட்லி மாவும் அதில் ஒன்று. யுத்த காலத்து அரிசிப் பஞ்சத்தில் பிறந்த பலகாரம், நெருக்கடி நிலையில் மூடிய கடைக்காரர்களுக்குச் சோறு போட்டது. புளிக்க வைக்கத் தேவையில்லாத மாவு அல்லவா? பையில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். அரிசி இட்லி மாவை அப்படி அனுப்ப முடியுமா?

பொட்டல வியாபாரம் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 2007ல் அந்தக் கம்பெனியை நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனம் வாங்கியது. கடைகளில் நாம் பார்க்கும் பொட்டலங்கள் அந்தக் கம்பெனியுடையவை. லால்பாக் சாலை ஓட்டல் அதில் சேராது. அது 1984ல் மறுபடி திறக்கப்பட்டது. மையா குடும்பத்தாரிடமே இருந்து வருகிறது. சிங்கப்பூரில் நம்மவர் நிறைந்த செரங்கூன் சாலையிலும் அவர்கள் ஒரு கிளை திறந்தார்கள்.

பெங்களூருக்குப் போகிறவர்கள் லால்பாக் தோட்டத்தைப் பார்க்கத் தவறுவதில்லை. அந்தச் சாலையிலேயே கடை. காலையில் சீக்கிரம் போவது நல்லது. நேரம் ஆக ஆகக் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். திங்கட்கிழமை விடுமுறை.